ஜுரம் என்றுதான் சொன்னேன்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம். கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் தெருவில் நடந்தது இது. தெரு முனையில் அம்மன் கோயில். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. கூப்பிடு தூரம் என்பதெல்லாம் மற்ற மாதங்களுக்குத்தான். ஆடியில் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலே கேட்காது.

வெள்ளிக்கிழமை காப்புக் கட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்த்தல். அந்த மூன்று நாளும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் தொங்கும். கோயில் வாசலில் ஆள் உயரத்துக்குப் பெட்டி ஸ்பீக்கர்கள் வேறு. விடிவதற்கு முன்பே பாட்டு ஆரம்பித்துவிடும். பாட்டுக்கு நடுவே உபயதாரர்களின் பெயர்கள். ஒரு சொம்புப் பால் கொடுத்தவர் பெயர்கூட, அவருடைய அப்பா பெயரோடு, தெருவே அதிரும்படி திரும்பத் திரும்ப வரும்.

நான் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சமையலறைக்குள் திட்டித் தீர்க்கும் ரகம். "வீட்ல புலி, வெளியில எலி" என்று என் கணவர் கிண்டல் செய்வார். அது உண்மைதான். கோயில்காரர்கள் வந்தால் சிரித்த முகமாகக் கேழ்வரகு மாவும் வெல்லமும் கொடுத்து அனுப்புவேன். அவர்கள் ஒன்றும் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லையே, எல்லாம் எங்கள் தெரு ஆட்கள்தான். விழாக் குழுவில் ஓடியாடி வேலை செய்தது எங்களுக்குத் தண்ணீர் கேன் போடும் தம்பி. வெள்ளம் வந்த வருடம் இடுப்பளவுத் தண்ணீரில் என் மாமியாரைத் தூக்கிக்கொண்டு போய் மேட்டில் விட்டவர் அவர். அவரிடம் போய் சத்தத்தைக் குறை என்று எந்த முகத்தோடு சொல்வது என்றே ஒவ்வொரு ஆடியும் ஓடிவிடும்.

எங்கள் வீட்டை ஒட்டிய வீட்டில் ஒரு கணவன் மனைவி. அவர் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நான் சார் என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். குழந்தைகள் இல்லை. சார் நன்றாகப் பேசுவார். கேட்டில் மாட்டிக்கொண்டால் போச்சு, ஆபீஸ் பஸ்ஸையே விட்டிருக்கிறேன். அக்கா அதற்கு நேர்மாறு. சார் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பூக் கட்டுவார், பாத்திரம் துலக்குவார், எப்போதாவது ஒரு 'ம்' போடுவார்.

அந்த வருடம் சாருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. குரல் நரம்பையும் அது பிடித்துக்கொண்டது. அவ்வளவு பேசியவருக்குக் குரல் போய் வெறும் காற்று மட்டும்தான் வந்தது. காதை வாயருகே கொண்டுபோனால்தான் என்ன சொல்கிறார் என்று புரியும். ஆனி கடைசியில் ஆஸ்பத்திரியில், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

தெருவில் எங்களைத் தவிர யாருக்கும் அக்கா இதைச் சொல்லவில்லை. சமையலறை வரைக்கும் வந்து தண்ணீர் கேனைக் கவிழ்த்துவிட்டுப் போகும் தம்பியைக்கூட, "கேட்லயே வெச்சுட்டுப் போப்பா" என்று நிறுத்திவிட்டார். ஒரு நாள் ஏன் என்று கேட்டேன்.

"காப்பு கட்டப் போறாங்கம்மா. இப்படி ஒருத்தர் வீட்ல கிடக்கறார்னு தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிடுங்கன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்? இவருக்கு இங்கதான் இருக்கணுமாம். நம்மளால திருவிழா நின்னுச்சுன்னு பேர் வேண்டாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் பழக்கம் அப்படி. காப்புக் கட்டிய பிறகு கோயில் தெருவில் ஒரு சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கும் வரைக்கும் கோயில் நடையைச் சாத்திவிடுவார்கள். மேளம் கிடையாது, மைக் கிடையாது, ஒன்றும் கிடையாது. அக்காவின் பயத்தில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினார்கள். அக்கா வீட்டு வாசலுக்கு நேராக இருந்த கம்பத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர், வாய் அவர்கள் ஜன்னலைப் பார்த்தபடி. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. கம்பம் அங்கே இருந்தது, கட்டினார்கள்.

சனிக்கிழமை எனக்கு லீவு. காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவர் காலைலேருந்து என்னவோ சொல்ல வர்றார்மா. எனக்குக் காதுல விழவே மாட்டேங்குது. என் காது ஏற்கெனவே மந்தம். நீ கொஞ்சம் கேட்டுப் பாரேன்."

ஜன்னலையெல்லாம் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து வைத்திருந்தார் அக்கா. அப்படியும் அறைக்குள் பாட்டு நின்றது. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கை வைத்தால் உள்ளங்கையில் மேளம் அடித்தது. நான் குனிந்து சாரின் வாயருகே காதை வைத்தேன். மூச்சு காதில் பட்டது. உதடு அசைவதும் தெரிந்தது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. 'சார், இன்னொரு தடவை' என்றேன். அவர் மறுபடியும் சொன்னார். அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ மைக்கைத் தட்டி, ஹலோ ஹலோ என்று ஆரம்பித்தார்கள்.

தண்ணீரா என்று கேட்டோம். இல்லை என்று தலையை அசைத்தார். வலிக்கிறதா? இல்லை. பக்கம் மாற்றிப் படுக்க வேண்டுமா? யாரையாவது பார்க்க வேண்டுமா? எல்லாவற்றுக்கும் இல்லை. எழுதிக் காட்டுங்கள் என்று பேனாவைக் கொடுத்தோம். விரல் அதைப் பிடிக்கவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். எங்கள் மேல் கோபமா, அலுப்பா, தெரியவில்லை. அக்கா அவருடைய நெற்றியைத் தடவியபடி, "சத்தம் நிக்கட்டும், நிதானமா சொல்லுங்க. நான் எங்க போயிடப் போறேன்" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. விடுவிடு என்று கோயிலுக்கு நடந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பது என்றுதான் போனேன். பந்தலில் தண்ணீர் கேன் தம்பி வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"இன்னாக்கா, கூழுக்கு மாவு குடுக்க வந்தீங்களா?"

"அதெல்லாம் அப்புறம் குடுக்கறேன்ப்பா. எங்க பக்கத்து வீட்டு சாருக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல. சத்தத்தக் கொஞ்சம் குறைக்கச் சொல்றியா?"

"இன்னா ஆச்சு அவருக்கு? ஜொரமா?"

அந்த இடத்தில்தான் நான் கோட்டை விட்டேன். சுற்றிலும் மஞ்சள் துணி கட்டிய பெண்கள். கையில் காப்போடு பூசாரி. எதிரில் அம்மன். சாகக் கிடக்கிறார் என்று அங்கே நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? உயிரோடு இருப்பவரைப் பற்றி, அதுவும் அம்மன் காதில் விழ, அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. அக்கா வேறு சொல்லாதே என்றிருக்கிறார்.

"ஆமாம்ப்பா, ஜுரம்தான்" என்றேன்.

"ஊரெல்லாம் இந்த ஜொரம்தான்கா சுத்திகினு கீது. அம்மன் வேப்பலயக் குடுக்கறேன், தலமாட்டுல வைங்க, சரியாப் பூடும்" என்று ஒரு கொத்தை என் கையில் கொடுத்தார். மைக் செட்காரரைப் பார்த்து, "யோவ், கொஞ்சம் கம்மி பண்ணுயா" என்று கத்தவும் செய்தார். குறைத்தார்கள். நான் சண்டை போட வந்ததையே மறந்து, நன்றி சொல்லிவிட்டு வேப்பிலையோடு திரும்பினேன். என் வீட்டு வாசலை மிதிப்பதற்குள், பால்குடம் எடுப்பவர்களைக் கூப்பிட வேண்டும் என்று வேறு யாரோ மறுபடியும் ஏற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் இன்னொரு தடவை போனேன். அப்போது தம்பி அங்கே இல்லை. குழுவில் பெரியவர் ஒருவர் இருந்தார். "வருஷத்துல மூணு நாள்மா. அம்மன் காரியம். கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?" என்று மரியாதையாகத்தான் சொன்னார். அவரிடமும் நான் ஜுரத்தைத் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்து, போலீஸுக்குப் போன் செய்யட்டுமா என்று கணவரிடம் கேட்டேன். "பண்ணா வருவாங்க, நிறுத்துவாங்க. யார் பண்ணதுன்னு தெருவுக்கே தெரிஞ்சுடும். நாளைக்கு நாம இங்கதான் இருக்கணும்" என்றார் அவர். நானும் போனைக் கீழே வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டேன்.

அன்றைக்கு ராத்திரி சத்தம் நின்ற நேரத்தில் சார் மாத்திரை மயக்கத்தில் தூங்கிவிட்டார். எழுப்ப அக்காவுக்கு மனம் வரவில்லை. அவர் எழுந்திருப்பதற்குள் மறுநாள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயில் ஏறும் நேரம். கூழ் வாங்கத் தெருவில் தூக்கும் சொம்புமாக வரிசை. பம்பையும் உடுக்கையும் மைக்கில் போய்க்கொண்டிருந்தன. மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த நான் தற்செயலாகத் திரும்பினேன். பக்கத்து வீட்டுப் பின்வாசலில் நின்றுகொண்டு அக்கா இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாரோ தெரியாது. துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

சார் கண்ணைத் திறந்திருந்தார். அக்காவின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். அவ்வளவு பலம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துப் பேசினார். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை இல்லை, நீளமாக என்னவோ பேசினார். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் பேசினார். அக்கா அவர் வாயோடு காதை ஒட்டவைத்துக்கொண்டு, "கேக்கலையே, எனக்குக் கேக்கலையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கட்டிலின் அந்தப் பக்கம் மண்டியிட்டு இன்னொரு காதாக இருந்தேன். என்ன பிரயோசனம்? எனக்குக் கேட்டது பம்பை மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் உதடு நின்றது. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

அக்கா அழவில்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். கண்ணிலிருந்து மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. நான் வாய்விட்டு அழப் போனதைப் பார்த்து என் தோளை அமுக்கினார். குனிந்து என் காதருகே கத்தித்தான் சொல்ல முடிந்தது அவரால்.

"இப்ப வேண்டாம்மா. ஜனங்க கூழ் வாங்கிட்டிருக்காங்க. ஊத்தி முடிக்கட்டும்."

புருஷன் கண் முன்னால் போயிருக்கிறார். மணிக்கட்டிலிருந்து அவர் கையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அந்த நேரத்திலும் தெருவுக்குக் கூழ் நிற்கக் கூடாது என்று அந்த அம்மாள் நினைத்தார். நாங்கள் இரண்டு பேரும் சாரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். வெளியே உபயதாரர் பெயர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னால் முடியவில்லை. அக்காவின் பேச்சை மீறி எழுந்து போனேன். செருப்புக்கூடப் போடவில்லை. அண்டாவுக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்ற தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"பக்கத்து வீட்டு சார் செத்துப் போயிட்டார்" என்றேன். அதே அம்மன் எதிரில், அதே பெண்களுக்கு நடுவில். இந்தத் தடவை வார்த்தை சுலபமாக வந்தது.

அவர் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மைக் செட்டின் ஒயரைக் கையாலேயே பிடுங்கி எறிந்தார்.

அப்படி ஒரு நிசப்தம். அண்டாவுக்கு அடியில் விறகு எரியும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவர் வீட்டு மோட்டார் ஓடுவது கேட்டது. அப்புறம், தெருவின் இந்தக் கோடி வரைக்கும், அக்கா அழும் குரல் கேட்டது. அவர் வீட்டுக்குள்தான் இருந்தார், ஜன்னலும் சாத்தித்தான் இருந்தது. அப்படியும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் சொம்பை மறைத்துக்கொண்டு தலை குனிந்து கலைந்து போனார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் செய்தது அந்தத் தம்பிதான். ஐஸ் பெட்டி, பந்தல், நாற்காலி, மயானத்துக்குப் பேசுவது, பெரும்பாக்கத்திலிருந்தும் பொத்தேரியிலிருந்தும் வந்த சொந்தக்காரர்களை கேம்ப் ரோட்டிலிருந்து அழைத்து வருவது, எல்லாமே. தோள் கொடுத்ததும் அவர்தான். சாயங்காலம் எடுத்துப் போய்விட்டு வந்து, குளித்த ஈரத்தோடு எங்கள் வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"ஏன்கா, நேத்தே சொல்லிருக்கலாமேக்கா."

"சொன்னேனேப்பா."

"ஜொரம்னு தானக்கா சொன்னீங்க. இந்த மாதிரி கீறாருன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, நேத்தே அந்த லைன புடுங்கிப் போட்ருப்பேனே. நான் இன்னா அவ்ளோ பாவியா?"

ஜுரம் வந்தவனுக்கும் காது இருக்கிறதே தம்பி, ஒரு மனுஷன் சாகக் கிடந்தால்தான் சத்தத்தைக் குறைப்பீர்களா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எதிரில் நின்று அழுதவரிடம் அதை எப்படிக் கேட்பது? நான் நேற்று வாயைத் திறந்திருந்தால் அந்த ஒயர் நேற்றே பிடுங்கப்பட்டிருக்கும் என்பதும் உண்மைதானே. எங்கள் எல்லோருக்கும் நல்ல மனதுதான். அக்கா திருவிழா கெடக் கூடாது என்று பார்த்தார். நான் அபசகுனமாகப் பேசக் கூடாது என்று பார்த்தேன். தம்பி அம்மனுக்குக் குறை வைக்கக் கூடாது என்று பார்த்தார். இத்தனை நல்ல மனதுக்கும் நடுவில் கட்டிலில் கிடந்த ஒருவர் பேச முயன்று பேச முயன்று போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் என்ன சொன்னார் என்று அக்கா ரொம்ப நாள் தேடினார். பீரோ சாவியைப் பற்றியிருக்குமோ, அவருடைய தங்கையோடு இருந்த பழைய மனஸ்தாபமோ என்றெல்லாம் என்னிடம் கேட்பார். "நீ கிட்ட இருந்தியே, உனக்கு ஒரு எழுத்துகூடவா கேக்கல?" என்பார். இல்லை அக்கா என்பேன். ஒருநாள் பொய்யாகவாவது ஏதாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். 'உன்னைத் தனியா விட்டுட்டுப் போறேனே' என்று சார் சொன்னதாக. சொல்லவில்லை. ஜுரம் என்று ஒரு பொய் சொன்னதே போதும் என்றிருந்தது.

அடுத்த ஆடி வந்தது. காப்புக் கட்டுவதற்கு முன்பே தம்பி வீடு வீடாகப் போனார். வீட்டில் யாருக்காவது முடியவில்லையா, சத்தம் தொந்தரவா என்று கேட்டார். ஒவ்வொரு வீட்டிலும், "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றுதான் சொன்னார்கள். எதிர் வரிசையில் ஒரு பெரியவர் டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அந்த வீட்டிலும் அதே பதில். நான் தம்பியைப் பின்னாலிருந்து கூப்பிட்டு, அந்த வீட்டில் என்ன நிலைமை என்று அப்படியே சொன்னேன். அவர் உடனே மைக் செட்காரரைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்து ஸ்பீக்கர்களைக் கட்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கடைசியாக அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, வாசல் கம்பத்தைக் காட்டி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இந்தக் கம்பத்துல இனிமே குழாய் கட்ட மாட்டோம்மா. கோயில் பொட்டியயும் கம்மியா வெக்கச் சொல்றேன். உங்களுக்குப் போதுமா?"

அக்கா பூக் கட்டுவதை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபமோ குத்தலோ இல்லை.

"நீ எப்பவும் போலக் கட்டுப்பா. நல்லா சத்தமாவே வை. இனிமே நான் காது குடுத்துக் கேக்கறதுக்கு இந்த வீட்ல யார் பேசப் போறா?"

தம்பி கேட்டைப் பிடித்தபடி நின்றார். அக்கா சொன்னாலும் அந்தக் கம்பத்தில் அவர் குழாய் கட்டவில்லை. அன்றிலிருந்து எங்கள் தெரு ஆடியில் கொஞ்சம் அமைதியாகத்தான் இருக்கிறது. அந்த அமைதியில் அக்கா வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வராதது, முன்பு எந்த ஸ்பீக்கர் சத்தத்திலும் வலித்திராத அளவுக்கு எனக்கு வலிக்கிறது.